தலை கிள்ளிய தக்காளி

அண்ணிக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவளைப் பிடிக்காது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால், நமுனுகுல மலையடியில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் நான் தக்காளி வளர்த்தேன் என்று சொன்னதும் வாசிக்கிறவர்கள் பனியையும் பசுமையையும் நினைத்துக்கொள்வார்கள். பனி இருந்தது. அது செடிகளுக்கு இலைக்கருகலைக் கொண்டுவந்தது.

விவசாயப் பாடசாலையில் பயிற்சி முடித்து நான் தோட்டத்துக்குத் திரும்பியபோது, அப்பாவும் அம்மாவும் தம்பிகளைக் கூட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறியிருந்தார்கள். அண்ணனும் நானும் இங்கேயே இருப்பதென்று பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தோம். அது வந்து சேரவில்லை. அது இல்லாமல் அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. ஆகவே அண்ணனுடைய ஒற்றை அறைக் காம்பிராவில் அண்ணன், அண்ணி, அவர்களுடைய கைக்குழந்தை, அடுப்பு, விறகு, இவற்றோடு நானும் என் சான்றிதழும்.

மாவுக்கும் பாண் ரொட்டிக்கும் வரிசையில் நின்ற காலம் அது. தோட்டத்தில் மாவு கொடுப்பது பேர் பதிந்து வேலை செய்கிறவர்களின் கணக்கில்தான். பேர் பதியாத என் வாய்க்குப் போகும் ஒவ்வொரு ரொட்டியும் அண்ணியின் பங்கிலிருந்து போயிற்று. அவள் கொழுந்து எடுப்பவள். அண்ணன் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை. அவளுடைய கோபத்துக்கு நியாயம் இருந்தது. நியாயமான கோபம் உள்ளவர்களோடு ஒரே அறையில் இருப்பது மற்றவர்களோடு இருப்பதைவிடக் கடினம்.

கங்காணி வாசலில் வந்து நின்றார். "என்னா தங்கச்சி, எப்ப பேர் பதியப் போற? வேலைக்கி வராத ஆள லயத்துல வச்சிருந்தா தொரை என்னையத்தான் கேப்பாரு."

நான் பதில் சொல்வதற்குள் அண்ணி உள்ளேயிருந்து சொன்னாள்: "அதுக்கு மை பட்ட கைங்க. கொழுந்து எடுத்தா தேஞ்சிரும். நாங்கதான் சான்றிதழ அவிச்சுத் திங்கலாமான்னு பாத்துக்கிட்டிருக்கோம்."

கங்காணி சிரித்தார். பக்கத்துக் காம்பிராவிலும் யாரோ சிரித்தார்கள். லயத்தில் சுவர் பாதி உயரம் வரைதான்.

கொழுந்துக்குப் பேர் பதிந்தால் பிறகு அதிலிருந்து வெளியே வர முடியாது என்பது என் கணக்கு. என்னோடு தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்த பெண்கள் 'கொஞ்ச நாளைக்கு' என்று போனவர்கள்தான். ஒருத்தியும் திரும்பவில்லை. நான் பேர் பதியாமல் இருக்க வேண்டும். அதற்கு என் சாப்பாட்டை நானே சம்பாதிக்க வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பண்டாரவளையில் மரக்கறி மொத்தமாக வாங்கும் ஒரு முஸ்லிம் முதலாளியிடம் போனேன்; எல்லோருக்கும் அவர் நானா. ஹோட்டலுக்கும் ரெஸ்ட் ஹவுசுக்கும் சரக்குப் போடுகிறவர்.

"தக்காளியா? சந்த நெறைய தக்காளி ஈக்கிது தங்கச்சி. கோலிக்காய் மாதிரி. ஹோட்டல்ல கேக்குறது வட்டமா வெட்டிப் போடுற பெருசு. அத யாரு வளக்கிறா?"

"நான் வளக்கிறேன் நானா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி, ஒரு பேச்சு செல்றேன். சித்திரையில ஆக்கள் வரத் தொடங்கினா ஆவணி வரைக்கும் கெழமைக்குக் கெழம வேணும். ஒரு கெழம தந்து மறு கெழம கைய விரிச்சா எனக்குச் சரிவராது."

அந்தச் சொல்லைக் கொண்டுபோய் அண்ணனிடம் வைத்தேன். அண்ணன் இருபக்கமும் பேசாமல் நடுவில் வாழ்ந்து பழகியவன். இந்தத் தடவை சொன்னான்: "நானா கடைக்கு ஒழுங்கா சரக்குப் போகட்டும், நீ பேர் பதிய வேணாம். நின்னுச்சின்னா மறு நாளே பெரட்டுக்கு வந்துரணும். அதுக்கு மேல நான் பேச மாட்டேன்." பெரட்டு என்பது விடியற்காலையில் பேர் கூப்பிட்டு ஆட்களை மலைக்கு அனுப்பும் இடம். அங்கே என் பேர் ஒலிக்கக் கூடாது என்பதுதான் எனக்கும் தக்காளிக்கும் இருந்த உறவு.

லயத்துக்குப் பின்னால் கழிவுநீர்க் கானுக்கும் தேயிலைக்கும் நடுவே ஒரு துண்டு நிலம் எங்கள் காம்பிராவுக்கு இருந்தது. அதில் பாதியில் அண்ணி போஞ்சி போட்டிருந்தாள். எனக்கு முழுவதும் தேவைப்பட்டது. அண்ணன் கொடுத்தான். அண்ணி போஞ்சிக் கொடிகளை வேரோடு பிடுங்கி, என் கண் முன்னால், காய் இருக்கும்போதே, கானில் போட்டாள்.

என்னிடம் இருந்தவை: பாடசாலைப் பண்ணையில் ஒரு பெரிய பழத்திலிருந்து எடுத்த விதை, ஒரு மண்வெட்டி, மயில்துத்தம் கொஞ்சம், படிப்பு. இல்லாதவை: உதவி, தண்ணீர் உரிமை, நல்ல வார்த்தை. விதையை நானே தயாரித்திருந்தேன். சாற்றோடு கிண்ணத்தில் புளிக்க வைத்து, மேலே மிதந்ததை ஊற்றிவிட்டு, அடியில் தங்கியதை மட்டும் கழுவிக் காயவைத்த விதை. அந்தப் பழத்தின் ஒரு வட்டம் பாண் துண்டு முழுவதையும் மூடும்.

மார்கழி மழை ஓய்ந்து தை பிறந்ததும் நாற்று மேடைக்கு மண் எடுத்தேன். கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் கிளைகளை அந்த மண்ணின்மேல் குவித்து எரித்தேன். மண்ணில் இருக்கும் கிருமிகள் சாக வேண்டும். மிலாறு என்று அந்தக் கிளைகளைச் சொல்வார்கள். லயத்து அடுப்புகள் எரிவது அதில்தான். "வெறகு இல்லாம நான் பச்சத் தண்ணியில ரொட்டி சுடுறேன், அங்க மண்ணுக்கு வேக்காடு நடக்குது" என்று, லயத்துக்கே பொதுவாகத் தண்ணீர் வந்து விழும் பீலியடியில் நின்று அண்ணி எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். அடுத்த நாளிலிருந்து பீலியில் என் வாளி கடைசி. எல்லோரும் பிடித்துக் குளித்து முடித்த பிறகுதான் எனக்குத் தண்ணீர்.

நாற்றை நடும்போது கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டைக் கழுத்து வரை மண்ணில் புதைத்தேன். தக்காளித் தண்டு மண் பட்ட இடமெல்லாம் வேர் விடும். "உசிரோட பொதைக்கிறா" என்றாள் அண்ணி. ஒவ்வொரு தண்டையும் சுற்றிக் காகித வளையம் வைத்தேன், வெட்டுப்புழு ஏறாமலிருக்க. செடிக்கு இரண்டடி இடைவெளி. ஆளுயரத்துக்கு மேல் மூங்கில் கம்பு. கட்டுவதற்குச் சாக்கைப் பிரித்து எடுத்த நூல், தண்டு பருக்க இடம் விட்டு எட்டுப் போலச் சுற்றிய கட்டு. பூமியைப் போர்த்த மானாப்புல்.

இந்த வகை நிற்காமல் மேலே போகும். அதன் தலை வளர வளரத்தான் கொத்துக் கொத்தாகப் பூ வரும். ஒரு கொத்து பழுக்கும்போது மேலே அடுத்தது காய்க்கும். கிழமைக்குக் கிழமை சரக்கு என்று நானா கேட்டதற்கு இதைத் தவிர வேறு தக்காளி உதவாது. ஆனால் ஒவ்வோர் இலைக்கும் தண்டுக்கும் இடையில், கக்கத்தில், ஒரு குருத்து முளைக்கும். அதை விட்டால் செடி புதராகிப் பழம் சிறுத்துவிடும். அந்தக் குருத்தை மட்டும் விரலளவில் இருக்கும்போதே கிள்ள வேண்டும். தலையைத் தொடக் கூடாது.

தொடுவதைப் பற்றி இன்னொரு சண்டை. அண்ணன் ஒரு மாலை பீடியோடு வந்து ஒரு செடியைப் பிடித்துப் பார்த்தான். புகையிலையிலிருந்து தக்காளிக்கு நோய் வரும். "அண்ணே, பீடி புடிச்ச கையால தொடாதீங்க. சவுக்காரம் போட்டுக் கழுவிட்டு வாங்க" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே விலகிப் போனான். அண்ணி சிரிக்கவில்லை.

"இவர் கை தீட்டா? இவர் கை சம்பாதிச்சதத்தானே தின்னுட்டு நிக்கிற?"

சில செடிகள் பச்சையாக இருக்கும்போதே ஒரே நாளில் துவண்டன. தண்டை வெட்டி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்திப் பார்த்தேன். வெட்டிய இடத்திலிருந்து பால் போல ஒரு நூல் இறங்கியது. வாடல் நோய், மருந்து கிடையாது. பிடுங்கி எரித்தேன். திரும்பி வந்தால் அண்ணி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு நடு வாசலில் நிற்கிறாள்.

"எம் புள்ள பால் குடிக்கிற கிளாசு. இதுல என்னா ஊத்துன?"

"தண்டு வச்சேன். மனுசருக்கு ஒண்ணும் செய்யாது. கழுவித் தர்றேன்."

"ஒனக்குப் புள்ள இருந்தா அது வாயில வச்சுப் பாரு." டம்ளரைக் கானில் வீசினாள். அது உடைந்த பிறகு, வீட்டில் இருந்த ஒரே கண்ணாடி டம்ளர் அதுதான் என்பது இருவருக்கும் சேர்த்து நினைவு வந்தது.

மழைத்தூறலுக்கும் பனிக்கும் நடுவில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து இலையின் மேலும் கீழும் தெளித்தேன். பங்குனி முடிவில் செடிகள் என் நெஞ்சுயரம் வந்தன. கீழ்க் கொத்துகள் இரண்டிலும் காய்; அதற்கு மேலே பூ; அதற்கும் மேலே தலை, கம்பைத் தாண்டப் பார்த்துக்கொண்டு. லயத்தில் யாரும் நல்லதாக ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் பீலிக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கமாகச் சுற்றிப் போகத் தொடங்கியிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் பிரஜாவுரிமை விசாரணைக்குப் பதுளையில் அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. போனால் பெரியவர் இல்லை, நாளை வா என்பார்கள். நாளை போனால் ஒரு கடதாசி குறைவு என்பார்கள். அங்கே என்னோடு படித்த ஒருத்தியின் வீட்டில் தங்கிக் காத்திருக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தே கிளம்பினேன். செடிகளை யாரிடம் விடுவது? அண்ணன் கையில் பீடி. மிச்சம் அண்ணி.

வாசலில் நின்று சொன்னேன். வேண்டிக் கேட்கவில்லை; சொன்னேன். "அண்ணி, காலையில மட்டும் வேருல தண்ணி ஊத்துங்க. இலையில படக் கூடாது. கக்கத்துல வர்ற குருத்தக் கிள்ளிருங்க. நுனியத் தொடாதீங்க."

"கிள்ளுறதுக்கு எனக்கே பாடமா?" என்றாள். "வயசுக்கு வந்ததுலருந்து கிள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன். போயிட்டு வா."

நான் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. இப்போதும் அதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன்.

அந்தக் கிழமை முழுவதும் பதுளையில் போயிற்று; முடிவு தபாலில் வரும் என்றார்கள். சனிக்கிழமை பின்னேரம் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே பின்பக்கம் போனேன். முதலில் எதுவும் விளங்கவில்லை. வேறு யாருடைய நிலத்துக்கோ வந்துவிட்டது போல இருந்தது. பிறகு விளங்கியது. செடிகள் எல்லாம் ஒரே உயரத்தில் நின்றன. தண்ணீர் ஒழுங்காக ஊற்றியிருந்தது. களை பிடுங்கியிருந்தது. ஆனால் ஒவ்வொரு செடியிலும் தலை இல்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, நகத்தால் கிள்ளிய சுத்தமான வெட்டு. மேல் பூங்கொத்துகளும் அதோடு போயிருந்தன. கக்கத்துக் குருத்துகள் மட்டும் ஒன்று விடாமல் பத்திரமாக இருந்தன. வேலியோரத்தில் கிள்ளிய நுனிகள் கொழுந்துக் குவியல் போலக் குவித்துக் கிடந்தன. அதன் பக்கத்தில் மட்டக்கம்பு. தேயிலையின் மேல் அந்தக் கம்பை வைத்து, அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதைக் கிள்ளுவார்கள். மலை சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக. என் தக்காளிக்கு அவள் மட்டம் பார்த்திருந்தாள்.

"அண்ணி."

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். முகத்தில், சத்தியமாக, ஒரு பெருமை இருந்தது. "எப்புடி? ஒண்ணுக்கு ஒண்ணு கோணலா நின்னுச்சி. சமமாக்கிட்டேன். கிள்ளிக் கொடுத்தாத்தானே கெளை வெடிக்கும்."

"நுனியத் தொடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"கிள்ளுன்னுதானே சொன்ன?"

"வேணும்னே செஞ்சிருக்கீங்க."

பெருமை அவள் முகத்திலிருந்து இறங்கிப் போனதைப் பார்த்தேன். அதன் இடத்தில் பழையது வந்தது. "ஒரு கெழமையா ஒன் செடிக்குத் தண்ணி தூக்கி இடுப்பு ஒடிஞ்சி போச்சி. அதுக்கு இந்தப் பேச்சா? வேணும்னு செய்யிறவ வேரோட புடுங்கியிருப்பா. புடுங்கத் தெரியும்ல எனக்கு?"

அன்றிலிருந்து இருவரும் பேசவில்லை. ஒரே காம்பிராவில் பேசாமல் இருப்பதற்குப் பயிற்சி வேண்டும். குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசினோம். "அத்தைகிட்டச் சொல்லு, ரொட்டி ஆறுது." "அம்மாகிட்டச் சொல்லு, பசிக்கல்ல." குழந்தை இருவரையும் பார்த்துச் சிரித்தது.

செடியைப் பற்றி யோசித்தேன். வெட்டுக்குக் கீழே இருக்கும் வலுவான பக்கக் குருத்து ஒன்றை விட்டு, மற்றவற்றை எடுத்து, அதையே புதுத் தலையாகக் கம்பில் கட்டி ஏற்றலாம். ஏற்றினேன். ஆனால் அது நிமிர்ந்து, பூத்து, பிஞ்சு பிடித்துப் பழுக்கும்வரை நடுவில் ஒரு பெரிய இடைவெளி விழும். அதை எந்தப் படிப்பாலும் நிரப்ப முடியாது.

கீழ்க் கொத்துகளில் இருந்த காய்கள் மட்டும், போட்டிக்கு ஆளில்லாமல், பெருத்தன. மேலே போக வேண்டிய சத்தெல்லாம் அவற்றுக்கு. தோள் வரியிட்டு, உள்ளங்கையில் அடங்காமல், கொத்தைக் கீழே இழுத்தன. கொத்துக்கும் தனியாகக் கட்டுப் போட வேண்டியதாயிற்று. சித்திரை வருசத்துக்கு அடுத்த கிழமை, அடி சிவந்து தோள் இன்னும் மங்கலாக இருந்தபோதே காம்போடு வெட்டி, மானாப்புல் பரப்பிய பெட்டிகளில் அடுக்கி பஸ்ஸில் ஏற்றினேன்.

நானா ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். கடைப் பையனைக் கூப்பிட்டுக் காட்டினார். "யா அல்லாஹ், இது தக்காளியா பூசணியா? நல்ல சாமான் தங்கச்சி. அடுத்த கெழம இதே மாதிரி கொண்டு வாங்க."

அடுத்த கிழமையும் கொண்டுபோனேன். அத்தோடு தீர்ந்தது. மறைத்துவைப்பதில் பயனில்லை என்று அப்போதே சொன்னேன்: "நானா, இனி வைகாசி கடைசிக்குத்தான். நடுவுல இல்ல."

அவர் தராசிலிருந்து கையை எடுத்தார். "ஹோட்டல்காரன் அது வரைக்கும் நோன்பு புடிப்பானா? நான் மொதல் நாளே என்னா சென்னேன்?"

"செடியில ஒரு தவறு நடந்துபோச்சு."

"செடி ஒங்கட. தவறும் ஒங்கட. வெலிமடையில ஒரு ஆள் கேட்டுக்கிட்டு ஈக்கிறான், சின்னதுதான், ஆனா நிக்காது. கோவிக்க வாணாம்." கெட்ட மனிதரல்ல. பெட்டிகளை அவரே எடுத்து என் கையில் கொடுத்தார்.

அன்று மாலை அண்ணன் வெறும் பெட்டிகளைப் பார்த்தான். மறுநாள் விடிவதற்கு முன் நானாகவே எழுந்து பெரட்டுக்குப் போனேன். கங்காணி என் பேரை இரண்டு தரம் கூப்பிட்டார். முதல் தரம் கேட்டது; இரண்டாம் தரம் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பதற்காக.

என்னை அண்ணிக்குப் பக்கத்து நிரையில் விட்டார். வேண்டுமென்றேதான். இடுப்பில் சுற்றிய படங்குச்சாக்கு, முதுகில் கூடை, நெற்றியில் கயிறு. நான் ஒவ்வொரு கொழுந்தாகத் தேடித் தேடி எடுத்தேன். பின்னால் வந்தவர்கள் எல்லாம் என்னைத் தாண்டிப் போனார்கள்.

"படிச்ச நெரை கோணப் போகுது!" என்று ஒருத்தி கத்தினாள். மலை முழுவதும் சிரித்தது. அண்ணியும்.

அப்போதுதான் அவள் கைகளைப் பார்த்தேன். அவள் அடுத்த நிரையில் இருந்தவளோடு குழந்தையின் பேதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். முகம் அந்தப் பக்கம். கைகள் இரண்டும் தேயிலையின் மேல் தனியாக ஓடிக்கொண்டிருந்தன. மட்டத்துக்கு மேல் நின்றதையெல்லாம் இரண்டிலை மொட்டோடு எடுத்தன. ஒரு தேயிலைச் செடிக்கு நடுவே ஒரு களைச்செடி எழுந்து நின்றது. அதன் நுனியையும் அந்தக் கை கிள்ளியது. கிள்ளிய பிறகுதான் விரல்களுக்கு அது கொழுந்தல்ல என்று தெரிந்தது; உதறிவிட்டு ஓடின. அவள் பேச்சு ஒரு சொல்லிலும் நிற்கவில்லை.

இப்படித்தான் நடந்திருக்கிறது: முதல் நுனியைக் கை கிள்ளியிருக்கும், மட்டக்கம்பு பிறகு வந்திருக்கும். அவள் வேண்டுமென்று செய்யவில்லை. இதை அறிந்ததும் என் கோபம் தணியும் என்று எதிர்பார்த்தேன். தணியவில்லை. செய்தவள் இல்லாத குற்றத்துக்கு யாரைத் திட்டுவது?

அன்று மாலை அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, குழந்தையிடம் அல்ல, அவளிடமே சொன்னேன். "அண்ணி, நீங்க வேணும்னு செய்யல. இன்னைக்குப் பாத்தேன். கை பழக்கம். ஒங்களுக்குத் தெரியாமலே கை கிள்ளிருச்சி."

பிசைவது நின்றது. "எனக்குத் தெரியாமலா?"

"ஆமா. மன்னிச்சிக்…"

"அப்ப எனக்குக் கண்ணு இல்ல. காது இல்ல. நீ சொன்னது மண்டையில ஏறல. கை மட்டும் கெடக்கு, மாடு மாதிரி போயிக்கிட்டே இருக்கு. அதானே சொல்ற?"

"அப்புடிச் சொல்லல அண்ணி."

"அப்புடித்தான் சொன்ன." மாவுக் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "இந்தா, நல்லாக் கேட்டுக்க. தெரிஞ்சேதான் கிள்ளுனேன். நீ பெரட்டுக்கு வரணும்னுதான் கிள்ளுனேன். வந்தியா? வந்துட்ட. ஒனக்கு நான் கெட்டவளா இருந்துட்டுப் போறேன். மடச்சியா இருக்க மாட்டேன்."

அண்ணன் பீடியைப் பற்றவைக்க வெளியே போனான். நான் அவள் சொன்னதை நம்பவில்லை. நான் நம்பவில்லை என்று தெரிந்தேதான் அவளும் நின்றாள். அந்த முகத்தைப் பார்த்து இனி எதையும் விளக்க முடியாது என்று பட்டது.

"சரி அண்ணி," என்றேன். "வேணும்னேதான் செஞ்சீங்க."

"ஆ," என்று உட்கார்ந்தாள். மாவை மறுபடியும் பிசைந்தாள். ரொட்டி தட்டிச் சுட்டதும், முதல் ரொட்டியை என் தட்டில் எறிந்தாள். "தின்னு. நாளைக்கி ஏழாம் நம்பர் மலை. ஏத்தம்."